மயிலைக்குக் குணமாகக் கூடாது

யுத்தம் முடிந்த மறு வருஷம், தூத்துக்குடிக் கடற்கரையில் பஞ்சு மூட்டை அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கி ஒன்றைக் காலி செய்து, வெள்ளையடித்து, அதற்குக் கால்நடைக் கருவளர்ச்சி வைரஸ் நோய் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர் வைத்தார்கள். பெயர்ப்பலகை வாசலைவிட அகலமாக இருந்ததால் வாசலை இடித்துப் பெரிதாக்கினார்கள். டைரக்டர் ஒருவர், கருப் பிரிவுக்கு ஒரு தலைவர், வைரஸ் பிரிவுக்கு ஒரு தலைவர், அவர்களுக்கு மேசைகள், மேசைகளுக்குப் பியூன்கள், ஒரு ஜீப், பட்டுத் துணி போர்த்திய ஒரு மைக்ராஸ்கோப் எல்லாம் வந்து சேர்ந்தன. மாடு மட்டும் வரவில்லை.

ஏதோ ஒரு மாடு போதுமென்றால் தூத்துக்குடித் தெருக்களில் பஞ்சமில்லை. நிலையத்துக்கு வேண்டியது சினையாகவும் இருக்க வேண்டும், வைரஸ் நோயும் கண்டிருக்க வேண்டும். தாயின் நோய் வயிற்றுக்குள் இருக்கும் கருவுக்குப் போகிறதா இல்லையா என்று கண்டுபிடிப்பதுதான் சர்க்கார் அவர்களிடம் ஒப்படைத்திருந்த காரியம். சினைமாடு வைத்திருந்தவர்கள் கொடுக்க மறுத்தார்கள். நோய்மாடு அகப்பட்டபோது அது சினையாக இல்லை. டைரக்டர் தேவபிரசாதம் ஒரு வருஷமாக, 'ஆயத்தப் பணிகள் செவ்வனே நடைபெறுகின்றன' என்று சென்னைக்கு எழுதிக்கொண்டிருந்தார். இன்னொரு வருஷமும் அதையே எழுதினால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

பர்னபாஸுக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் முத்துக்குளிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். வாலிபத்தில் ஒரு குளிப்புக்குப் போய், ஆழத்தில் ஒரு காதைத் தொலைத்துவிட்டு ஏறினார். அதன் பிறகு கடலடிப் பாரில் முத்துச் சிப்பி விளையவும் இல்லை, அவர் கடலில் முங்கவும் இல்லை. ஆறுமுகநேரி உப்பளத்தில் கொஞ்ச காலம் கூலி வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்து ஒரு பெண் கன்றைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார். சாம்பல் பூத்த மயிலை நிறம், அதனால் பெயரும் மயிலை. "கடல்காரன் வீட்டுல மாடாம்லே!" என்று தெரு சிரித்தது. சிரித்தவர்களே பிறகு செம்பைத் தூக்கிக்கொண்டு பாலுக்கு வந்தார்கள். ஒரே மகள் பிலோமினாவைத் தருவைகுளத்தில் வில்பிரட் என்ற வள்ளக்காரனுக்குக் கட்டிக் கொடுத்ததும் அந்தப் பாலில்தான்.

மயிலை சினையாக இருந்த நேரத்தில் அதற்குக் கோமாரி வந்தது. வாயில் நுரை தள்ளிற்று. குளம்பில் புண் வைத்து நொண்டியது. பர்னபாஸின் மனைவி அந்தோணியம்மாள் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். கேட்கவில்லை.

"கடற்கரையில மாட்டுக்குன்னு சர்க்கார் என்னமோ பெருசா தொறந்து வச்சிருக்காகளே, அங்கன கொண்டு போயிக் காட்டுங்க. நல்ல மருந்தா குடுப்பாக" என்றாள்.

அவள் சொன்னபடி பர்னபாஸ் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்.

வாசலில் காவலுக்கு நின்ற சிவனாண்டி கையை நீட்டித் தடுத்தான். "மனுசங்கள உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டர் அண்ணாச்சி. மாட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல. இருங்க, கேட்டுட்டு வாரேன்."

அவன் போய்ச் சொன்ன மாத்திரத்தில் உள்ளே நாற்காலிகள் விழும் சத்தம் கேட்டது. வைரஸ் பிரிவுத் தலைவர் செந்தில்வேல் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்து மயிலையின் வாயைத் திறந்து பார்த்தார். புண்ணைக் கண்டதும் அவர் கண்ணில் நீர் நிரம்பியது. கருப் பிரிவுத் தலைவர் ஆறுமுகநயினார் பின்னாலேயே வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, "சினை! சார், சினை!" என்று கத்தினார். மைக்ராஸ்கோப் யார் அறையில் இருப்பது என்ற தகராறில் மாசக் கணக்காகப் பேசாமலிருந்த இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

டைரக்டர் தேவபிரசாதம் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டே வந்தார்.

"ஐயா, மாட்டுக்கு மருந்து…" என்று பர்னபாஸ் ஆரம்பித்தார்.

"மருந்தா?" டைரக்டர் புன்னகை செய்தார். "இது ஆஸ்பத்திரி அல்லப்பா. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நோயைக் கண்டால் ஆகாது. நாங்கள் நோயை மதிக்கிறவர்கள். உன் மாட்டுக்குள் வைரஸ் இருக்கிறது. அதை நாங்கள் கண்ணைப் போலக் காப்பாற்றுவோம்."

மயிலைக்கு ஒரு மாலையும் பர்னபாஸுக்கு ஒரு மாலையும் போட்டுப் படம் பிடித்தார்கள். மாலை விழுந்த நிமிஷத்திலிருந்து மாடு சர்க்காருக்குச் சொந்தம் என்பதைப் பிறகுதான் அவருக்குச் சொன்னார்கள். மயிலை வேறு யாரையும் கிட்டே அண்டவிடாமல் உதைத்ததால், மாட்டைக் கவனித்துக்கொள்ள அவரும் பகலெல்லாம் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "மயிலைக்குள்ள வைரம் இருக்காம், ஏளா. டைரக்டரே சொல்லுதாரு" என்றார்.

அந்தோணியம்மாள் கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள். "நல்ல காதுல கேட்டீகளா, அவிஞ்ச காதுல கேட்டீகளா?"

அவருக்கே சந்தேகமாகப் போய்விட்டது.

கோமாரி வந்த மாடு பத்தியமாக இருந்தால் தானே தேறிவிடும். மயிலையும் தேறியது. ஒரு நாள் காலை செந்தில்வேல் அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனார்.

"புண் எங்கே?"

"ஆறிட்டுங்கய்யா. மாதா புண்ணியம்."

"யாரைக் கேட்டு ஆறிற்று?"

விசாரணை வைத்தார்கள். மூன்று அதிகாரிகளும் வரிசையாக உட்கார்ந்திருக்க, பர்னபாஸ் நின்றுகொண்டிருந்தார். மாட்டுக்கு இரகசியமாக மருந்து கொடுத்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றார். வேறு என்ன செய்தாய் என்று கேட்டார்கள். வாயைக் கழுவி விட்டேன், பக்கத்தில் நின்று ஜெபம் சொன்னேன் என்றார். செந்தில்வேல் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் தலையசைத்தார். அன்று முதல் நிலையத்தின் எல்லைக்குள் மாட்டுக்காக ஜெபம் செய்யக் கூடாது என்று ஆர்டர் போட்டார்கள்.

அதன் பிறகு மயிலையை நோயில் நிறுத்தி வைப்பது ஒரு தனிவேலையாயிற்று. கோமாரி கண்ட மாட்டின் எச்சிலைத் தேடி ஜீப் ஊர் ஊராகப் போயிற்று. ஆதிச்சநல்லூருக்குள் ஜீப் நுழைந்ததும் ஊர்க்காரர்கள், முதுமக்கள் தாழி தோண்டத்தான் துரைமார் மறுபடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நேரே பரம்பு மேட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். "செத்தவர்கள் வேண்டாம், சீக்காளிகள்தான் வேண்டும்" என்று செந்தில்வேல் விளக்கிச் சொல்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எந்த ஊரில் என்ன எச்சில் கிடைத்தாலும் அதை மயிலைக்கு ஊசியாகப் போட்டார்கள். அது காய்ச்சலில் விழும், எழுந்திருக்கும், மறுபடி போடுவார்கள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. வயிறு மட்டும் வளர்ந்தது. ஊசி போடும்போது கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர் பர்னபாஸ். மயிலை அவரை நம்பி நின்றது. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு நாள் ஆறுமுகநயினார் மயிலையின் வயிற்றைப் பிரியமாகத் தட்டிக்கொண்டே, "சென்னையிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள். அன்றைக்குக் கருவை வெளியே எடுத்து அவர்கள் கண்ணால் பார்க்கும்படி செய்யப் போகிறோம்" என்றார்.

"எப்படி எடுப்பீகய்யா?"

"வயிற்றைத் திறந்து."

பர்னபாஸ் மயிலையின் வயிற்றில் கையை வைத்தார். "பெறவு மூடுவீகளா?"

ஆறுமுகநயினார் யோசித்தார். அவர் பொய் சொல்லுகிறவர் அல்ல. "மூடுவது எங்கள் பிரிவு இல்லை" என்றார்.

பர்னபாஸ் டைரக்டர் அறைக்கு ஓடினார். எனக்கு மருந்தும் வேண்டாம் மாலையும் வேண்டாம், மாட்டைத் திருப்பித் தந்தால் போதும் என்று கும்பிட்டார். டைரக்டர் அவரை உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லாததால் அவர் நின்றார். தியாகத்தைப் பற்றி டைரக்டர் வெகு நேரம் பேசினார். பேசி முடித்ததும் தியாகம் செய்யப்போவது தானே என்பது போல அவர் முகம் கனிந்திருந்தது. பர்னபாஸ் அங்கிருந்து மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் முறையிட்டார். சாமியார், சர்க்கார் காரியத்தில் தலையிட முடியாது, ஒன்பது நாள் ஜெபமாக நவநாள் சொல்லு என்றார். நிலையத்துக்கு வெளியே நின்று பர்னபாஸ் நவநாள் சொன்னார்.

நவநாள் பலித்ததோ என்னவோ, பெரியவர்கள் வருவதற்கு முன்பே, அதிகாரிகள் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்த ஒரு மத்தியானத்தில் மயிலை கன்று போட்டது. காளைக்கன்று. மெலிந்த தாய்க்கு அத்தனை பெரிய கன்று எப்படி வந்தது என்று பர்னபாஸுக்கே ஆச்சரியம். அது தள்ளாடி எழுந்து மடியைத் தேடியது. அவர் மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். அந்தக் கட்டிடத்துக்குள் அவர் சிரித்தது அன்று ஒரு தடவைதான்.

ஆறுமுகநயினார் தூக்கக் கலக்கத்தோடு வந்து பார்த்தார். பேயறைந்தவர் போல நின்றார்.

"கரு எங்கே?"

"இந்தா நிக்குதேய்யா."

"அது கன்று. நான் கருவைக் கேட்கிறேன்."

"அந்தக் கருதாங்கய்யா இது."

"பர்னபாஸ், உள்ளே இருந்தால்தான் கரு. இது யார் அனுமதியோடு வெளியே வந்தது?"

அவசரக் கூட்டம் கூடிற்று. கரு நழுவிவிட்டது என்று எழுதலாமா, தலைமறைவாகிவிட்டது என்று எழுதலாமா என்பதில் கருத்து வேற்றுமை வந்தது. கடைசியில், பிறந்துவிட்ட கன்றுக்கும் கருப் பிரிவுக்கும் சம்பந்தமில்லை, நோயில்லாத கன்றுக்கும் வைரஸ் பிரிவுக்கும் சம்பந்தமில்லை, ஆகவே கன்றுக்கும் நிலையத்துக்கும் சம்பந்தமில்லை என்று தீர்மானம் ஆயிற்று. தாய்மாடு வைரஸ் பிரிவின் சொத்து, அது இருக்கும். பியூன்கள் கன்றைத் தூக்கிப்போய் வாசலுக்கு வெளியே விட்டார்கள்.

மயிலைக்குப் பால் கட்டியது. பர்னபாஸ் கறந்தார். அந்தப் பாலை வெளியே கொண்டு போகக் கூடாது, அது நோய்ப்பால். உள்ளே யாரும் குடிக்கவும் கூடாது, திட்டத்தில் பால் என்று ஒன்றும் கிடையாது. ஆகவே செந்தில்வேல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பர்னபாஸ் அதைக் கொல்லைப்புற மணலில் ஊற்றினார். மணல் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தது.

வீட்டில் அந்தோணியம்மாள் கன்றுக்குக் கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து ஊட்டினாள். பக்கத்து வீட்டு ஆட்டுப்பாலைக் கெஞ்சி வாங்கி வந்து கொடுத்தாள். ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. கழிச்சல் கண்டு, கண் உள்ளே போய், நிற்கவும் திராணி இல்லாமல் போயிற்று. அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு நிலையத்து வாசலுக்கு எதிரே வெயிலில் வந்து உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து மயிலை கத்தும். மடியில் கிடக்கும் கன்று தலையைத் தூக்கப் பார்த்துத் தோற்றுப்போகும். பர்னபாஸ் வாசலுக்கும் தொழுவுக்கும் இடையில் நின்று இரண்டையும் பார்ப்பார்.

"உங்களுக்கு ஒரு காதுதான் போச்சு. உள்ள இருக்கவுகளுக்கு ரெண்டும் போயிட்டா?" என்று அவள் கேட்டாள். "தாயி பாலு மண்ணுக்குப் போகுது, பிள்ளை மண்ணுக்குப் போகப்போகுது. நீரு அங்கன நின்னு என்ன பாக்கீரு?"

புருஷனை அவள் 'நீரு' என்று அழைத்தால், எல்லாம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

"நோவுள்ள உசுருதான் உள்ள போவ முடியும், அந்தோணி. நான் என்ன செய்யட்டும்?"

அவள் கன்றை வாரி அணைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனாள். துணி துவைக்கிற சவுக்காரத்தை உள்ளங்கையில் குழைத்துக் கன்றின் வாயைச் சுற்றிலும் தடவினாள். வெள்ளை வெளேரென்று நுரை பூத்தது. கன்று ஏற்கெனவே சாகக் கிடந்ததால் மற்ற லட்சணங்களுக்கு அவள் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

நிலையத்து வாசலில் கன்றைக் கிடத்திவிட்டு, "ஐயாமாரே, கன்னுக்கும் நோவு வந்துட்டு!" என்று ஓலமிட்டாள்.

டைரக்டரே ஓடிவந்தார். கன்றின் வாயைப் பார்த்தார். அவருடைய உதடு நடுங்கியது. "தாயிடமிருந்து கருவுக்கு! கருவிலிருந்து கன்றுக்கு!" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். சென்னைக்குத் தந்தி பறந்தது. செந்தில்வேல் கன்றைத் தம் இரு கையாலும் ஏந்திக்கொண்டு போய் மயிலையின் மடிக்கருகே விட்டார். பர்னபாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். எல்லோரும் அதை விஞ்ஞான ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கன்று பால் குடித்துத் தேறியது. தேறத் தேற பர்னபாஸுக்கு வேலை கூடியது. விடிந்ததும் முதல் காரியமாகச் சவுக்காரம் குழைத்துப் பூச வேண்டும். மயிலை ஆசையாக நக்கி நுரையை அழித்துவிடும். மறுபடி பூச வேண்டும். கன்று தும்மினால் குமிழி பறக்கும். அதிகாரிகள் அதற்கும் ஒரு பெயர் வைத்து எழுதிக்கொண்டார்கள். மைக்ராஸ்கோப்பில் ஒரு துளி வைத்துப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆனால் உப்புக்காற்று பட்டால் கெட்டுவிடும் என்று அதன் பட்டுத் துணியை யாரும் எடுப்பதில்லை.

மயிலைக்கு ஊசி நிற்கவில்லை. தாயும் கன்றும் ஒரே சமயத்தில் நோயில் இருந்தால்தான் ஆராய்ச்சி பூரணமாகும் என்றார்கள். அது படுத்தால் எழுந்திருக்க நேரம் ஆயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பர்னபாஸ் பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது, கன்று முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, மயிலை விறைத்துக் கிடந்தது.

அவரும் அந்தோணியம்மாளும் சிவனாண்டியும் சேர்ந்து கடற்கரை மணலில் குழி வெட்டினார்கள். மணல் சரிந்து சரிந்து குழியை மூடிற்று. அந்தோணியம்மாள் அழவில்லை. மயிலையின் கொம்பில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பர்னபாஸ் போய்ச் சொன்னபோது செந்தில்வேலுக்குக் கோபம் வந்தது. "அதெப்படி இறக்கும்? இன்னும் பாதி ஊசி பாக்கி இருக்கிறதே!" டைரக்டர் அவரைச் சாந்தப்படுத்தினார். "விடுமுறை நாளில் நடந்தது நிலையத்தில் நடந்ததாக ஆகாது, மிஸ்டர் செந்தில்வேல். ஆபீஸ் நேரத்தில் அந்த மாடு இறந்ததா? இல்லை. அப்படியானால் இருக்கிறது."

ஆகவே மயிலை இருந்தது. அதற்குப் புல்கட்டு வழக்கம் போல வந்தது. காலியான தொழுவில் புல்லை உதறிப் போட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைக்கும்படி பர்னபாஸுக்கு உத்தரவு. அவர் அப்படியே செய்தார். சில நாள் குனிந்து புல்லைப் போடும்போது, "இந்தா" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். கன்று வந்து அந்தப் புல்லைக் கடிக்கப் பழகியது.

தந்தி போன பலனாகச் சென்னைக்காரர்களோடு டில்லியிலிருந்தும் ஒரு கமிட்டி வருவதாயிற்று. நிலையத்தில் பந்தல் போட ஆரம்பித்தார்கள். கருவைத்தான் காட்ட முடியாமல் போயிற்று, கன்றின் ஈரலையாவது எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று ஆறுமுகநயினார் கத்தியைத் தீட்டக் கொடுத்திருந்தார். சேதி காதில் விழுந்ததும் பர்னபாஸ் கன்றை இழுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குள்ளேயே போய்விட்டார்.

"ஐயா, என்னய ஜெயில்ல போடுங்க. இதுக்கு நோவு இல்ல. சவுக்கார நுரை. நாங்கதான் பூசுனோம்."

மேசைமேல் இருந்த கூஜாத் தண்ணீரை ஊற்றி அங்கேயே கழுவினார். கன்றின் வாய் ரோஜா நிறத்தில் சுத்தமாக இருந்தது. அது டைரக்டரின் கோட்டு நுனியை எடுத்துச் சப்பியது.

டைரக்டர் தேவபிரசாதம் எழுந்து கதவைச் சாத்தினார். அவருக்கு அதிர்ச்சியோ கோபமோ இருந்ததாகத் தெரியவில்லை. களைப்புத்தான் தெரிந்தது.

"பர்னபாஸ், ரிப்போர்ட் அச்சாகிவிட்டது. அதை டில்லியில் படித்துவிட்டார்கள். படித்து, இங்கே இன்னொரு கட்டிடம் கட்ட உத்தரவு போட்டுவிட்டார்கள். அச்சில் இந்தக் கன்று நோயாளி. ஒரு கன்றின் சௌகரியத்துக்காக அச்சடித்ததை அழிக்க முடியுமா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. செந்தில்வேலுக்குப் பெண் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. எங்களையெல்லாம் நடுத்தெருவில் நிறுத்துவாயா?"

"இத அறுத்தா உள்ள ஒண்ணும் இருக்காதேய்யா."

"இருக்கும். நாங்கள் எழுதினால் இருக்கும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "நுரையைப் போடு, போ."

பர்னபாஸ் வெளியே வந்து சவுக்காரத்தை எடுத்தார். தன் கையாலேயே பூசினார். கன்று வாயைக் காட்டிக்கொண்டு நின்றது. அதற்கு அது பழகிப்போயிருந்தது.

அன்று வீடு வந்து நடந்ததைச் சொன்னார். அந்தோணியம்மாள் உடனே தருவைகுளத்து மருமகனுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள்.

விழா நாளில் நாகசுரம் வைத்திருந்தார்கள். கமிட்டி அங்கத்தினர்கள் ரோஜா மாலையோடு மேடையில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் பேச எழுந்தார்.

"கனவான்களே! இந்த நிலையம் தொடங்கிய நாள் முதல் இங்கே ஒரு மாடுகூடக் குணமானதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். குணமாக்குவது சுலபம், அதை எந்த நாட்டு வைத்தியனும் செய்துவிடுவான். அதனால் நாட்டுக்கு என்ன லாபம்? குணமான மாடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அத்துடன் அந்த நோயும் நம்மை விட்டுப் போய்விடுகிறது. நோய் போய்விட்டால் நாம் எதை ஆராய்வது? நாம் எங்கே போவது?"

பலத்த கரகோஷம் எழுந்தது. பந்தலுக்குள் ஒரு கண்ணும் வெளிப்பக்கம் திரும்பவில்லை. ஆறுமுகநயினார் முதல் வரிசையில், வெள்ளைத் துணி மூடிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டைரக்டர் வேத காலத்துப் பசுக்களிலிருந்து ஆரம்பித்திருந்தார். அவர் நடப்புக் காலத்துக்கு வந்து சேர நேரமாகும்.

பர்னபாஸ் கன்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். சிவனாண்டி குறுக்கே நின்றான்.

"எங்க அண்ணாச்சி?"

வாசலுக்கு அப்பால் நின்ற அந்தோணியம்மாள் அவனுக்குப் பதில் சொன்னாள். "பெரிய தொரைமாரு பாக்கதுக்கு முந்தி கடல்ல குளிப்பாட்டிக் கொண்டாரச் சொல்லுதாகய்யா."

சிவனாண்டி கன்றைப் பார்த்தான். மேடையைப் பார்த்தான். கதவை அகலத் திறந்துவிட்டான்.

"சரி, போயிட்டு வாங்க. நுரை அழியாம குளிப்பாட்டுங்க அண்ணாச்சி."

அவன் அதைச் சிரிக்காமல் சொன்னான். அத்தனை நாளும் தான் ஒருவரே ஒரு பெரிய பொய்யைச் சுமந்து திரிந்ததாகப் பர்னபாஸ் நினைத்திருந்தார். காவல்காரன் வரைக்கும் அது தெரிந்திருக்கிறது.

மருமகன் வில்பிரட் வள்ளத்தைக் கரையோரம் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றான். கன்று அலையைக் கண்டு மிரண்டு காலை ஊன்றிக்கொண்டது. மூவரும் சேர்ந்து அள்ளி உள்ளே போட்டார்கள். வள்ளம் கரையை விட்டு நகர்ந்ததும் அந்தோணியம்மாள் கடல்தண்ணீரைக் கையில் மொண்டு அதன் வாயைக் கழுவினாள். கன்று உப்பை நக்கிவிட்டு இன்னும் கேட்டது. கரையில் மறுபடி கைதட்டல் கேட்டது. மயிலையைப் புதைத்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பர்னபாஸ் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மணல் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது.

போலீஸ் வரும் என்று தருவைகுளத்தில் வெகு நாள் பயந்துகொண்டிருந்தார்கள். காற்று பலமாக அடித்து ஓலைக்கதவு ஆடினாலும் பர்னபாஸ் எழுந்து நின்றுவிடுவார். யாரும் வரவில்லை. அந்தப் பக்கம் வந்த சிவனாண்டி சொல்லித்தான் காரணம் தெரிந்தது. டைரக்டர் பேசி முடித்தபோது கமிட்டிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். அவர்கள் பலகாரம் சாப்பிட்டு, மைக்ராஸ்கோப்பின் பட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டிவிட்டு, கன்றைப் பார்த்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார்களாம்.

சுதந்திரம் வந்து சில மாதம் கழித்து, வில்பிரட் தூத்துக்குடியில் மீன் விற்றுவிட்டு வரும்போது ஒரு பத்திரிகைத் துண்டைக் கொண்டு வந்தான். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்த பிலோமினா அடுப்பு எரிந்துகொண்டிருந்த குசினியின் வாசலில் உட்கார்ந்து வாசித்தாள். புதுக் கட்டிடத் திறப்பு விழாச் செய்தி அது. டைரக்டர் தேவபிரசாதம் பதவி உயர்வு பெற்றிருந்தார்.

"'நோயுற்ற கன்று அறுத்துச் சோதிக்கப்பட்டது. அதன் ஈரலில் வைரஸின் சுவடுகள் ஐயத்துக்கிடமின்றிக் காணப்பட்டன. தாய்ப்பசு பூரண சௌக்கியமாக இருந்து வருகிறது. நாள்தோறும் பசும்புல் தின்று, நன்கு தேறி, காண்போர் மனத்துக்கு மகிழ்ச்சி தருகிறது.'"

"அறுத்துட்டாகளாமா?" என்றாள் அந்தோணியம்மாள். "கட்டையில போவானுவ!"

பர்னபாஸ் எழுந்தார். முற்றத்துப் பூவரசில் கட்டியிருந்த கன்றிடம் போய், அதன் மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடான மூச்சு வந்தது. இன்னும் சற்று நேரம் கையை எடுக்காமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"மயிலையப் பத்தி என்னமோ போட்டிருந்துச்சே, பிலோமி. அத இன்னொரு மட்டம் வாசிம்மா" என்றார்.

பிலோமினா தாயைப் பார்த்தாள். அந்தோணியம்மாள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் மறுபடியும், இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக, வாசித்தாள்.